முப்பதாம் கிழமை

அடுத்தவருடைய தமிழைத் திருத்துகிற வியாதி எனக்கு உண்டு. இப்போது கொஞ்சம் குறைந்திருக்கிறது. குறைத்து வைத்தது டென்மார்க்.

2013 யூலையில், பாரிசில் எங்களோடு இருந்த தங்கச்சி சுமதிக்கு அங்கே சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம். அதற்கு முன் வந்த நாலு பேரையும் வேண்டாம் என்றவள், இந்தப் பெடியனின் படத்தை மட்டும் திருப்பித் தரவில்லை. (அம்மா உடனே நல்லூர்க் கோயிலுக்கு நேர்த்தி வைத்துவிட்டார்.) இது குழம்பினால் எனக்கு வீட்டில் சோறு கிடையாது.

மாப்பிள்ளையின் தகப்பன் தொலைபேசி எடுத்தார்.

"தம்பி, யூலையில, முப்பதாம் கிழமை வாறம். செவ்வாய், பின்னேரம் நாலு மணி."

"அங்கிள், முப்பதாம் திகதி எண்டு சொல்லவேணும். கிழமை எண்டுறது ஞாயிறு, திங்கள்."

"ஓம் தம்பி. முப்பதாம் கிழமை."

மனுசன் தமிழை மறந்துவிட்டார் என்று அம்மாவிடம் பரிதாபப்பட்டேன். (அடுத்த கிழமை, போன கிழமை என்று நானே நாள்முழுக்கச் சொல்வது ஞாபகம் வரவில்லை.) கலண்டரைப் பார்த்தேன். யூலை முப்பது செவ்வாய்தான். பிறகென்ன?

இருபத்திமூன்றாம் திகதி, மார்க்ஸ் டோர்மோய்ப் பகுதியில் இருந்த எங்கள் வீட்டுக்குப் பெயின்ற் அடித்துக்கொண்டிருந்தோம். சோபாவை வெளியே படிக்கட்டருகில் தள்ளிவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டி ஏணியில் நின்றேன். சுமதி தலை நிறைய எண்ணெயோடு ரோலரை உருட்டிக்கொண்டிருந்தாள். அம்மா மரக்கறி வாங்க லாசப்பல் தமிழ்க் கடைகளுக்குப் போயிருந்தார்.

சரியாக நாலு மணிக்குக் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. சுமதி திறந்தாள். பழத்தட்டோடு மாப்பிள்ளை நின்றான். பின்னால் எங்கள் சோபாவில், கோட்டும் பட்டுச்சேலையுமாக அவனுடைய தகப்பனும் தாயும் களைத்துப்போய் இருந்தார்கள்.

"நீங்கள் அடுத்த கிழமையல்லோ?" என்றேன், ஏணியில் நின்றபடி.

தகப்பன் சட்டைப்பையிலிருந்து டயறியை எடுத்தார். ஒவ்வொரு வாரத்தின் ஓரத்திலும் ஓர் இலக்கம். இருபத்திரண்டு முதல் இருபத்தெட்டு வரையான வரிசையின் ஓரத்தில் கொழுத்த 30. டேனிஷ்காரருக்கு லீவு, பள்ளிக்கூடம், பல் வைத்தியர் எல்லாமே வருசத்தின் எத்தனையாம் கிழமை, அதாவது எத்தனையாம் வாரம், என்ற கணக்குத்தானாம்.

"முப்பதாம் கிழமை எண்டுதானே சொன்னனான் தம்பி. நீர்தான் எனக்குத் தமிழ் படிப்பிச்சனீர்."

சுமதி உள்ளே ஓடி அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் அழுவது கேட்டது. என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. ஏணியிலிருந்து இறங்கவும் இல்லை. இறங்கி எங்கே போவது?

மாப்பிள்ளை பழத்தட்டைத் தாயின் மடியில் வைத்தான். சட்டைக் கையை மடித்துக்கொண்டு மூடிய கதவைப் பார்த்துச் சொன்னான்:

"சுமதி, இந்தப் பெயின்ற் காயிறதுக்கு முந்தி மற்றப் பக்கமும் அடிச்சால்தான் கோடு விழாது. மற்ற ரோலர் எங்கை?"

கொஞ்ச நேரம் கழித்துக் கதவு திறந்தது.

கலியாணமாகி டென்மார்க் போனவள் ஒருநாள் தொலைபேசி எடுத்தாள்.

"அண்ணை, நாற்பதாம் கிழமை பிள்ளை பிறக்கும்."

"எல்லாப் பிள்ளையும் நாற்பதாம் கிழமைதானேடி பிறக்கிறது!"

"அது வயித்துக் கிழமை. நான் சொல்லுறது கலண்டர்க் கிழமை."

அந்தப் பிள்ளைக்கும் இப்போது வாய் வந்துவிட்டது. பாரிசுக்கு வருவதென்றால் தானே தொலைபேசி எடுப்பாள்.

"மாமா, கிழமை சொல்லட்டோ, திகதி சொல்லட்டோ?"

"திகதியையே சொல்லு பிள்ளை" என்பேன். பின்னால் குடும்பமே சிரிக்கிற சத்தம் கேட்கும்.