நாவலில் அப்படி இல்லை

"மழையில நின்னு வரதன் கோகிலாகிட்ட கேட்டான் பாருங்க, அந்த மாதிரி என்கிட்டயும் ஒருத்தர் கேட்டா, நான் மாட்டேன்னு சொல்ல மாட்டேன்," என்றார் டொரதி டீச்சர்.

"ஆமா, என்னமா கேட்டான்," என்றார் சுவக்கின்.

கடந்த ஆண்டு கண்டி வாவிக்கரையில், ஒரே குடைக்குள் நடந்த இந்த உரையாடல் சுவக்கினின் நெஞ்சில் தினமும் மறுஒளிபரப்பாகிறது. டீச்சர் சொன்னது ஏறக்குறையக் கல்யாண சம்மதம் என்பது அவருக்குப் புரிந்தது. வரதன் என்ன கேட்டான் என்பதுதான் தெரியாது. வரதனும் கோகிலாவும் வரும் அந்த நாவலை அவர் வாசித்ததில்லை.

இதை வெளியே சொல்லவும் வழியில்லை. திரையுலகின் மனச்சாட்சியாக இன்று மிஞ்சியிருப்பது மஹய்யாவ நாவல் திரை ஒப்பீட்டு மன்றம் ஒன்றே. அதன் தலைவர் சுவக்கின். பல்லேகல ஆடைத் தொழிற்சாலையொன்றில் அவர் பொத்தான் பெட்டிகளுக்குப் பொறுப்பாளர் என்பது வயிற்றுக்காக. புகழ்பெற்ற அந்தக் காதல் நாவலின் மூன்று திரைவடிவங்களையும் ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் ஒப்பிடுவதே அவர் பிறவிப் பணி.

விடை தேடி மூன்றையும் அவர் திரும்பத் திரும்பப் பார்த்திருந்தார். கறுப்பு வெள்ளைப் படத்தில் கல்லூரி மாணவன் வரதனாக நடித்தவருக்கு அப்போதே பேரப்பிள்ளைகள். மழைக் காட்சியில் அவர் ஏதோ கேட்டார், இடிச்சத்தத்தில் கேட்கவில்லை. வண்ணப் படத்தின் வரதன் ஒன்றும் கேட்காமல் நாலு பேரை அடித்துவிட்டுப் பாடத் தொடங்கினான். தொலைக்காட்சித் தொடரில் மழை பிடிக்கும் நேரத்தில் 'இனி இவருக்குப் பதில் இவர்' என்று புதிய வரதன் வந்தான். வந்தவன் முதல் வேலையாகக் கோகிலாவின் தங்கையைக் கட்டிக்கொண்டான்.

அந்த ஞாயிறும் பங்கு மண்டபத்தில் மன்றம் கூடியது.

"கோகிலாவா நடிக்க அந்த வண்ணப் படத்துப் புள்ள சரியில்ல," என்றார் பொருளாளர் ஹலீம் நானா. திகனவில் டைல்ஸ் கடை வைத்திருப்பவர். "வாய் ஒரு பாஷை பேசுது, சத்தம் ஒரு பாஷை பேசுது."

"கண்ணு நல்லாத்தானே இருந்துச்சு," என்றார் செயலாளர் கிளைவ்.

"நாவலில் அப்படி இல்லை," என்றார் சுவக்கின்.

எல்லோரும் தலையாட்டினார்கள். தலைவர் இதைச் சொன்னால் விவாதம் முடிந்தது என்பது மன்றத்தின் மரபு. 'அப்படியென்றால் எப்படி?' என்று இதுவரை எவரும் கேட்டதில்லை. அவ்வளவு பண்பட்ட மன்றம்.

அப்போதுதான் உறுப்பினர் வரிசையிலிருந்து டொரதி டீச்சர் மெல்லச் சொன்னார். "எனக்கு பதுளைக்கு இடமாற்றம் வந்திருக்கு. அடுத்த வாரம் போறேன்."

சுவக்கின் பிளேன்டீக் கோப்பையைக் கீழே வைத்தார்.

கிளைவ் உடனே பிரேரணை கொண்டுவந்தார். "டீச்சருக்குப் பிரியாவிடையா அந்த மழைக் காட்சிய நடிச்சுக் காட்டுவோம். நாவல்ல உள்ளபடி. வரதனுக்கு நம்ம தலைவர விட்டா யாரு?"

"முடி கொஞ்சம் காணாது," என்றார் ஹலீம் நானா. "பரவாயில்ல, கறுப்பு வெள்ளைப் படத்துக்காரருக்கும் தலையில வச்சது விக்குதான்."

பிரேரணை ஏகமனதாக நிறைவேறியது. ஹலீம் நானா தம் குடையை விரித்து டீச்சர் கையில் கொடுத்தார். மண்டபத்தில் மழை இல்லை. சுவக்கின் மட்டும் நனைந்துகொண்டிருந்தார். மன்றமே வரதனின் வாயைப் பார்த்தது, முதல்முறை கேட்கப் போகிறவர்களைப் போல.

இடி இல்லை. பாட்டு இல்லை. அவருக்குப் பதில் வந்து நிற்க இன்னொரு வரதனும் இல்லை. குடைக்கடியில் டீச்சர் காத்திருந்தார்.

"டீச்சர்," என்றார் சுவக்கின். "அந்தப் புத்தகத்த... எனக்கு ஒருக்கா வாசிக்கத் தருவீங்களா?"

டீச்சர் குடையை மடக்கிவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு கைப்பையைத் திறந்து அந்த நாவலை எடுத்தார்.

மன்றம் எழுந்து நின்று கைதட்டியது.

"அச்சு அசல்," என்றார் கிளைவ், கண்ணைத் துடைத்தபடி. "நாவல்ல உள்ளபடியே."