மாப்பிள்ளை போட்ட அன்டிவைரஸ்

எனக்குக் கணினி தெரியாது. இந்த மூன்று சொற்களைச் சொல்லி முடிக்க எனக்கு முப்பத்தொரு வயதாக வேண்டியிருந்தது. அதற்குள் என் மனைவியின் தங்கைக்கு வந்த ஒரு நல்ல வாய்ப்பை, ஒரு காலைப் பொழுதுக்குள் கிட்டத்தட்டக் குழி தோண்டிப் புதைத்துவிட்டேன்.

தெரியாது என்றால் அடியோடு தெரியாது என்றில்லை. நுரைச்சோலையில் கட்டட வேலைகளை ஒப்பந்தம் எடுக்கும் ஒரு கொந்தராத்துக்காரரின் அலுவலகத்தில் எனக்கு வேலை. எந்த லொறி எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனை மணிக்கு வெளியே போனது என்று கணினியில் அடித்து வைக்க வேண்டும். எனக்குக் கல்யாணம் பேசிய தரகர் இதை "கொம்பியூட்டர் பக்கம் பெரிய வேலை" என்று பெண் வீட்டுக்குக் கொண்டுபோனார். பெண்ணின் ஊரான பள்ளிவாசல்துறை போய்ச் சேர்வதற்குள் அது "கொம்பியூட்டர் இஞ்சினியர்" ஆகிவிட்டது. நான் திருத்தியிருக்கலாம். (திருத்தவில்லை. காதுக்கு நன்றாக இருந்தது.)

கல்யாணத்துக்குப் பிறகு பெண் வீட்டிலேயே போய் இருந்தேன். புது மாப்பிள்ளைக்கு அங்கே நடந்த மரியாதையை நினைத்தால் இன்றைக்கும் கண் கலங்குகிறது. பாரைமீனில் பெரிய துண்டு எனக்கு. மின்விசிறி என் பக்கம் திரும்பி நிற்கும். மாமி என்னோடு நேரே பேசமாட்டா. நான் பக்கத்தில் இருக்கும்போதே என் மனைவி ரிஸ்மியாவிடம், "மகனுக்கு இன்னும் தேத்தண்ணி வேணுமா கேளு" என்பா. எல்லாவற்றுக்கும் மேலாக, மாப்பிள்ளை சொன்னதை அந்த வீட்டில் யாரும் மறுத்துப் பேசுவதில்லை. ஒருநாள் கற்பிட்டி எந்தப் பக்கம் என்ற கதை வந்தபோது நான் தெற்கே கை காட்டினேன். பிறந்ததிலிருந்து அந்தக் கரையில் கருவாட்டு வியாபாரம் செய்யும் மாமா, வடக்கே கற்பிட்டியைப் பார்த்துக்கொண்டே "ஓம், ஓம்" என்று தலையாட்டினார்.

அந்த வீட்டில் ஒரு கணினி இருந்தது. ரிஸ்மியாவின் தங்கை ஷிஃபானா பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லிக்கொடுத்து வாங்கியது. அவள் பல்கலைக்கழகம் முடித்தவள். ஊர்க் கரையோரக் களப்பு நீரில் வளரும் கடற்புல்லைப் பற்றி ஆராய்ச்சி செய்திருந்தாள். மேலே படிக்க மலேசியாவில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்து, கடைசி நேர்முகத் தேர்வுக்குத் தெரிவாகியிருந்தாள். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, வீட்டுக் கணினியில், கமராவுக்கு முன்னால் இருந்து பேச வேண்டும். அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது என்று கடிதத்தில் எழுதியிருந்தார்கள். இது தவறினால் இன்னொரு தரம் கிடையாது.

சனிக்கிழமை சாப்பிடும்போது மாமா சொன்னார்: "மகன், பிள்ளைட கொம்பியூட்டர ஒருக்கா பாத்து விடுங்களன்."

பார்த்தேன். கணினியில் ஒரு குறையும் இல்லை. அதோடு சேர்ந்தே வந்த பாதுகாப்பு ஒன்று உள்ளே இருந்தது. சத்தம் போடாமல் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. சத்தம் போடாததுதான் என் கண்ணில் பெரிய குற்றமாகப் பட்டது. "எல்லாம் சரி" என்று சொல்லிவிட்டு எழும்பினால் இஞ்சினியர் மாப்பிள்ளைக்கு என்ன மதிப்பு? நாடி பிடித்த வைத்தியர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "பாதுகாப்புக் காணாது, மாமா" என்றேன்.

சிறந்த இலவச அன்டிவைரஸ் எது என்று இணையத்தில் தேடினேன். இப்படித் தேடியவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு பக்கத்திலும் பத்துப் பேர் கொண்ட பட்டியல் இருக்கும், ஒவ்வொரு பட்டியலிலும் முதலாம் இடம் வேறு வேறு ஆளுக்குப் போயிருக்கும். ஒரு பக்கத்தை எழுதியது யார் என்று கீழே போய்ப் பார்த்தால், முதலாம் இடம் பிடித்த அதே கொம்பனிதான். தன் கல்யாணத்துக்குத் தானே தரகராகப் போகிறவனை நாம் நம்புவோமா? நான் நம்பினேன். படத்தைப் பார்த்து இரண்டைத் தெரிவு செய்தேன். ஒன்றில் சிங்கம், மற்றதில் பெரிய பூட்டு. இரண்டுமே பலமாகத் தெரிந்தன.

கதிரைக்குப் பின்னால் நின்ற ஷிஃபானா மெல்லச் சொன்னாள்: "மச்சான், இருக்கிறதே போதும்தானே? ரெண்டு போட்டா ஒன்டோட ஒன்டு சண்ட பிடிக்கும் என்டு சொல்றாங்க."

குசினித் திரைக்குப் பின்னால் சமைத்துக்கொண்டிருந்த மாமியின் குரல் வந்தது: "நீ சும்மா இரி. மச்சானுக்குத் தெரியும்."

நான் பெருந்தன்மையாகச் சிரித்தேன். ஒரு வீடென்றால் வாசலில் பூட்டும் வேண்டும், வளவில் நாயும் வேண்டும் என்று விளக்கினேன். (நாய் வளர்க்காத வீட்டில் போய் இந்த உதாரணத்தைச் சொன்ன முதல் மாப்பிள்ளை நானாகத்தான் இருப்பேன். அதற்கும் மாமா "ஓம், ஓம்" என்றார்.)

பிறகு இரண்டையும் கணினியில் ஏற்றி, கண்ணில் பட்ட கட்டங்களுக்கெல்லாம் சரி போட்டேன். கமராவைக் காக்கவா என்று கேட்டது, காத்துக்கொள் என்றேன். தெரியாத ஆட்களைத் தடுக்கவா, தடு. ஆபத்து வந்தால் வாயால் சொல்லவா, தாராளமாகச் சொல். தினமும் எத்தனை மணிக்குக் கணினி முழுவதையும் சோதிக்க வேண்டும் என்று சிங்கம் கேட்டது. காலை பத்து மணிக்குப் பெண்கள் சமையலில் இருப்பார்கள், கணினியை யாரும் தொடமாட்டார்கள் என்று நானே கணக்குப் போட்டு, பத்து மணி என்று அடித்தேன். அந்த நேரம் செவ்வாய்க்கிழமை என் நினைவுக்கு வரவில்லை. ஷிஃபானாவும் சமைக்கிற ஆளாகவே என் கணக்கில் சேர்ந்துவிட்டாள்.

ஞாயிறும் திங்களும் கணினி முக்கி முனகியது. ஒரு படத்தைத் திறக்க நேரம் போனது. ஷிஃபானா என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். பாதுகாப்புக் கடுமையாக வேலை செய்கிறது என்றால் அப்படித்தான் இருக்கும் என்றேன். இதற்கிடையில் சிங்கம், கணினிக்குள் நானூற்றுச் சொச்சம் ஆபத்துகள் இருப்பதாகச் சொல்லிச் சிவப்பு நிறத்தில் பயம் காட்டியது. நீக்கு என்று அழுத்தினால் காசு கேட்டது. நோய் என்னவென்று சொல்வது மட்டும்தான் இலவசம், மருந்து இலவசமில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. புரிந்ததை நான் யாருக்கும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை நான் வேலைக்கு லீவு போட்டுவிட்டேன். மாமா கருவாடு காயவைக்கும் வாடிக்குப் போகவில்லை. சத்தம் வரக்கூடாதென்று மாமி கோழிகளைப் பக்கத்து வளவுக்குத் துரத்திவிட்டா. ஷிஃபானா அயர்ன் பண்ணிய அபாயா போட்டு மேசைக்கு முன்னால் இருந்தாள். காட்டுவதற்குத் தயாரித்த படங்களைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தாள். நானிருக்கப் பயமில்லை என்று சொல்லி, கமராவில் படாத பக்கமாக அறையிலேயே நின்றுகொண்டேன்; மற்றவர்கள் கதவடியில் நின்றார்கள்.

பத்துக்குச் சற்று முன்பு திரையில் மூன்று பேர் வந்தார்கள், இரண்டு பெண்களும் கண்ணாடி போட்ட ஓர் ஆணும். அவர்களை நாங்கள் பார்க்கிறோம். அவர்களுக்கு ஷிஃபானா வெறும் கறுப்புக் கட்டம். கமராவைப் பூட்டு பிடித்து வைத்திருந்தது. ஷிஃபானா கண்ணால் கேட்டாள். நான் இடுப்பில் கட்டியிருந்த சாரனோடு கதிரைக்குப் பக்கத்தில் குந்தி, மவுஸைப் பிடித்து, பூட்டில் கமராவுக்கு அனுமதி கொடுத்தேன். உடனே சிங்கம் தடுத்தது. சிங்கத்தைச் சமாளித்தால் பூட்டு திரும்பவும் பாய்ந்தது. இந்த இழுபறியில் சரியாகப் பத்து மணியானது. சிங்கம் முழுச் சோதனையைத் தொடங்கியது. தொடங்கியதும் அதற்கு முதலில் அகப்பட்ட ஆபத்து, அதுவரை அதோடு மல்லுக்கட்டிய பூட்டுதான்.

ஸ்பீக்கரில் ஒரு வெள்ளைக்காரப் பெண் குரல் ஆங்கிலத்தில் கத்தியது, ஆபத்து கண்டுபிடிக்கப்பட்டது என்று. பிறகும் கத்தியது. கண்ணாடிக்காரர் கேட்டார், அறையில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று. ஷிஃபானா பொய் சொல்லத் தெரியாதவள். அவள் வாய் திறப்பதற்கு முன் அந்தச் சத்தத்தை நிறுத்திவிட வேண்டும் என்று நான் மேசைக்குக் கீழே புகுந்து ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினேன். நான் முன்னர் கொடுத்த அனுமதி ஏதோ ஒன்று அப்போதுதான் பலித்தது போலிருக்கிறது, கமரா திறந்துகொண்டது. மலேசியாவில் மூன்று பேராசிரியர்கள் முதன்முதலாகக் கண்ட காட்சி, மேசைக்குக் கீழிருந்து பின்பக்கமாக வெளியே வந்துகொண்டிருந்த ஒரு சாரன். அத்தோடு திரை அசையாமல் நின்றுவிட்டது. எத்தனையோ காட்சிகளில் நிற்க அதற்கு அந்தக் காட்சிதான் அகப்பட்டது.

ஷிஃபானாவின் கைத்தொலைபேசிக்குச் செய்தி வந்தது. ஐந்து நிமிடத்தில் ஒழுங்காக, தனியாக வராவிட்டால் தேர்வு முடிந்ததாகக் கொள்ளப்படும்.

அவள் எழும்பி என் முகத்தை நேரே பார்த்தாள். "மச்சான், நீங்க வெளிய போங்க."

மாமி வாயில் கை வைத்தா. ரிஸ்மியா நிலத்தைப் பார்த்தாள். நான் மாமாவைப் பார்த்தேன், வழக்கம் போல எனக்காகத் தலையாட்டுவார் என்று.

"பிள்ள சொல்றதுதான் சரி," என்றார் மாமா. "வாங்க மகன், நாம வெளிய இருப்பம்."

வெளியே பிளாஸ்டிக் கதிரையில் இரண்டு பேரும் இருந்தோம். ஷிஃபானா குசினிக்குப் போய், எல்லோரையும் அங்கிருந்து அனுப்பிவிட்டு, கைத்தொலைபேசியைப் பால்மா டின்னில் சாய்த்து வைத்துப் பேசத் தொடங்கினாள். தயாரித்து வைத்த படங்கள் எல்லாம் கணினிக்குள் மாட்டிக்கொண்டன. அவள் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து, மாமியின் மீன் பொதிகளுக்கு நடுவில் வைத்திருந்த கடற்புல் போத்தல்களை எடுத்து, ஒவ்வொன்றாகக் காட்டிக் காட்டி விளக்கினாள். (அந்தப் போத்தல்களை வீசச் சொல்லி மாமி மாதக் கணக்கில் ஏசியிருந்தா.) குசினி ஜன்னலால் எல்லாம் கேட்டது. அவள் குரல் நடுங்கவில்லை.

கடைசியில் கண்ணாடிக்காரர் ஒரு கேள்வி கேட்டார். அண்மையில் நீங்கள் சந்தித்த ஒரு சிக்கலையும், அதை எப்படித் தீர்த்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். ஷிஃபானா சொன்னாள். சுருக்கமாக, தெளிவாக, நல்ல ஆங்கிலத்தில், சிங்கம், பூட்டு, சாரன் எதையும் விடாமல். பால்மா டின்னுக்குப் பக்கத்திலிருந்து மூன்று பேர் விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம் கேட்டது.

மாமாவுக்கு ஆங்கிலம் அவ்வளவு ஓடாது. "என்னத்துக்கு சிரிக்கிறாங்க, மகன்?" என்று கேட்டார்.

மொழிபெயர்த்துச் சொன்னேன். ஒரு சொல்லும் விடவில்லை. நான்கு நாளில் நான் ஒழுங்காகச் செய்த ஒரே வேலை அது.

அன்று பகல் பாரைமீனின் பெரிய துண்டு ஷிஃபானாவின் சோற்றுக் கோப்பைக்குப் போனது. மின்விசிறியும் அந்தப் பக்கம் திரும்பியது. மாமி வாழ்க்கையில் முதல் தடவையாக என்னோடு நேரே பேசினா: "மகன், அந்த கேஸ் சிலிண்டர கொஞ்சம் தூக்கி உள்ளுக்கு வைங்க." ஷிஃபானா கணினியைத் துப்புரவாக்க ஒரு மணித்தியாலம் எடுத்தாள். பூட்டு உடனே போய்விட்டது. சிங்கம் போகமாட்டேன் என்று அழுகிற முகமொன்றைப் போட்டு, எங்களை ஏன் விட்டுப் போகிறீர்கள் என்று கேட்டது.

ரிஸ்மியாவிடம், நான் இஞ்சினியர் இல்லை என்று அன்றே ஒப்புக்கொண்டேன்.

"நீங்க லொறி நம்பர் அடிக்கிற என்டு எனக்குக் கல்யாணத்துக்கு முந்தியே தெரியும்," என்றாள். "மாப்பிள்ளைக்கு மரியாத இல்லாமப் போயிடும் என்டுதான் சொல்லல்ல."

எனக்குச் சாரனில் நின்ற வெட்கம் சில நாளில் ஆறிவிட்டது. ஆறாதது சனிக்கிழமை நான் பெருந்தன்மையாகச் சிரித்த அந்தச் சிரிப்புத்தான். அந்த வீட்டில் விஷயம் தெரிந்த ஒரே ஆள் ஷிஃபானா. உள்ளதை அவள் சொன்னாள், எல்லோரும் சேர்ந்து அவளைச் சும்மா இருக்கச் சொன்னோம்.

அடுத்த மாதம் கடிதம் வந்தது. ஷிஃபானா மலேசியா போனாள். கணினி இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. அதில் ஒன்றும் போடக் கூடாது என்பது மாமாவின் கட்டளை. அவள் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு அழைப்பு எடுப்பாள். முதலில் கமராவைத் திறக்கமாட்டாள். கறுப்புக் கட்டத்திலிருந்து குரல் மட்டும் வரும்: "மச்சான் கிட்ட இல்லத்தானே?"

வீடு சிரித்து முடியும் வரை அவள் காத்திருப்பாள். யாராவது "இல்ல" என்று சொன்னால்தான் முகம் தெரியும். அதைச் சொல்லும் வேலையை மாமா எனக்குத் தந்திருக்கிறார்.