ஏழு கடைச் சாயாவும் என் இருதயமும்

மட்டாஞ்சேரி,
செவ்வாய், மதியம்

மதிப்புள்ள அல்தாஃப் மச்சானுக்கு,

மொய்து ஸலாம் சொல்லி எழுதுவது. பாலக்காட்டில் நீங்களும் வீட்டாரும் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன். இங்கே உங்கள் தங்கை நசீபா சுகம், கடை சுகம், என் இருதயம் ஒன்றைத் தவிர எல்லாம் சுகம்.

மூன்று வருஷமாகப் பேசாதவனுக்கு இப்போது என்ன வந்தது என்பீர்கள். போன மாசம் மிளகுச் சாக்கைத் தூக்கும்போது நெஞ்சை அடைத்தது. ஸ்கேன் பார்த்த டாக்டர் கமலாக்ஷி, இருதயத்தின் வலப்பக்க ரத்தக்குழாய் இடப்பக்கத்தில் முளைத்து, இரண்டு பெரிய குழாய்களுக்கு நடுவில் நெருக்கிக்கொண்டு போகிறது, பிறவியிலேயே அப்படி என்றார். ஐம்பத்து நான்கு வருஷம், மச்சான்! வைட்டிலா நெரிசலில் மாட்டிய பஸ் மாதிரி என் ரத்தம் ஊர்ந்திருக்கிறது, ஒருத்தரும் சொல்லவில்லை. இனி ஊசி மருந்தால் இருதயத்தை ஓட்டமாக ஓடவைத்து, அந்த நேரத்தில் படம் எடுக்க வேண்டுமாம். ரத்தம் போதாவிட்டால் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன். போதுமென்றால் மாத்திரையோடு வீட்டுக்கு. முந்தின நாள் சாயா, காப்பி குடித்தால் அந்த மருந்து வேலை செய்யாது. "சாயா பாடில்ல, கேட்டோ இக்கா" என்று இரண்டு தடவை சொன்னார்.

நெஞ்சைத் திறப்பது என்றதும் எனக்கு மவுத், சாவு நினைப்புதான். மனுஷருக்குச் செய்த தப்பை அந்த மனுஷர் பொறுத்தால்தானே அல்லாஹ் பொறுப்பான்? டெஸ்டுக்கு முந்தின நாள் பஜாரில் கடை கடையாகப் போய், என் தப்பைப் பொறுக்கச் சொல்லிப் பொருத்தம் கேட்டேன். ஏலக்காய்க்கடை வெங்கிடாசலம், "அதெல்லாம் விடும் ஓய், முதல்ல சாயா குடியும்" என்று கிளாஸை நீட்டினார். மன்னிப்புக் கேட்கப் போனவன் கொடுத்த சாயாவை வேண்டாம் என்றால் அந்த மன்னிப்பு உருப்படுமா? ஏழு கடை, ஏழு சாயா. மறுநாள் ஊசி போடும் முன் டாக்டர், "சாயா வல்லதும் குடிச்சோ?" என்றார். இனிப் பொய்யே சொல்ல மாட்டேன் என்று முந்தின நாள்தான் ஏழு பேரிடம் சொல்லியிருந்தேன். உண்மையைச் சொன்னேன். ஊசி போடாமலே அனுப்பிவிட்டார்.

அடுத்த தேதி வந்தது. போகப்போகிறவன் என்று என்னைப் பொறுத்தவர்கள் எல்லாம், நான் கடைக்கு நடந்து போவதைக் கண்டு, டெஸ்டுக்கு முந்தின நாள் வீட்டுக்கே விசாரிக்க வந்துவிட்டார்கள். வந்தவரைத் தனியாகக் குடிக்க விடலாமா? மறுநாள் டாக்டர் என்னைக் கண்டதும் "எத்ர?" என்று மட்டும் கேட்டார். ஐந்து என்றேன்.

மூன்றாவது தேதி நாளைக்கு. இதுவும் தவறினால் இரண்டு மாசம் கழித்துத்தான் என்று சொல்லிவிட்டார்கள். அதுவரை சாக்குத் தூக்கக்கூடாது, வேகமாக நடக்கக்கூடாது. படுத்தால் அந்தக் குழாய் நெரிபடுவது போலவே இருக்கிறது. தூக்கமில்லை. நசீபாவிடம் சொன்னால் அழுவாள். இதைப் படமெடுத்து உங்கள் போனுக்கு அனுப்பக் காக்கநாட்டு ஆபீசுக்கு லீவு போட்டு ரஃபீனா வந்திருக்கிறாள். பெற்ற மகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, அந்தத் தைரியத்தில்தான் பயமாக இருக்கிறது என்று எழுதுகிறேன்.

பாக்கி இருப்பது உங்கள் பொருத்தம் ஒன்றுதான். உங்கள் மகள் ஷமீனா கல்யாணப் பந்தியில், "என்ன மச்சான், பிரியாணிக்கு ரேஷன் அரிசியா?" என்று நாலு பேர் கேட்கச் சொன்னது என் தப்பு. நல்ல அரிசி. மூன்று தடவை வாங்கித் தின்றேன். பொறுத்துக்கொள்ளுங்கள். பதில் போட்டால் போதும், வர வேண்டாம். வந்தால் உங்களுக்குச் சாயா போடுவார்கள், நானும் குடித்துத் தொலைப்பேன்.

உங்கள் வீட்டில் எல்லாருக்கும் நீண்ட ஆயுளையும் நேரான ரத்தக்குழாயையும் அல்லாஹ் தரட்டும்.

இப்படிக்கு,
தங்கை மாப்பிள்ளை மொய்து

பி.கு.: வர வேண்டாம் என்று எழுதியதை அடித்துவிடுங்கள். ரஃபீனாவுக்கு நசீபா வைத்துவிட்டுப் போன சாயா என் கைப்பக்கத்தில் இருந்தது. இப்போது கிளாஸ் காலி. எந்த வரியில் குடித்தேன் என்று தெரியவில்லை. நாளைக்கு டெஸ்ட் இல்லை. இன்னும் இரண்டு மாசம் தனியாகப் பயப்பட என்னால் ஆகாது. வாருங்கள் மச்சான்.