கிஷாந்துக்கு ஒரு முட்டை

மகனின் கிளினிக் புத்தகத்திலிருந்து விழுந்த துண்டுக் காகிதத்தை றொனால்ட் மூன்று தரம் படித்தான்.

'ரத்தம் ரொம்பக் குறைவு. தினமும் முட்டை, நெத்தலி, கீரை. சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி கூடாது. அடுத்த மாதம் திரும்பப் பார்க்கணும்.'

தேயிலைத் தோட்டத்து மருத்துவிச்சி வினோதா மிஸ்ஸின் கையெழுத்து. நாலு வயது கிஷாந்த் லயத்து வரிசை வீட்டு வாசலில் நாய்க்குட்டியைத் துரத்திக்கொண்டிருந்தான். பாவிப் பயல், எலும்பும் தோலுமாக அல்லவா இருக்கிறான். இத்தனை நாள் தன் கண்ணில் படவில்லையே என்று றொனால்டுக்கு மனசு ஆறவில்லை.

மலையிலிருந்து வந்து கொழுந்துக் கூடையை இறக்கிய மனைவியிடம் காகிதத்தை நீட்டினான்.

"இத ஏன் ஜெனி எங்கிட்ட சொல்லல?"

ஜெனிதா தலையைக் குனிந்தாள். "சொல்லணும்னுதாங்க இருந்தேன். நீங்களே பெக்டரியில நின்னுட்டு அலுத்துப்போயி வர்றீங்க."

"புள்ள ரத்தமில்லாம கெடக்கான். அலுப்பப் பாத்தா முடியுமா? நீயெல்லாம் ஒரு தாயா?"

சொன்ன மாத்திரத்தில் அவனுக்கே சுருக்கென்றது. கொட்டிய வார்த்தையை அள்ளவா முடியும்? ஜெனிதா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்புறம், "சரிங்க, முட்டை வாங்கிட்டு வாங்க," என்று உள்ளே போய்விட்டாள்.

முட்டை என்ன முட்டை, கோழியையே வாங்கிவிட்டான், பக்கத்து வீட்டு ராக்காயி அக்காவிடம். அந்த மகராசிக் கோழிக்குப் புது இடம் பிடிக்கவில்லை. ஒரு வாரம் முட்டையிடவில்லை. சும்மாவும் இருக்கவில்லை, ஜெனிதா போட்டிருந்த கீரைப் பாத்தியை வேரோடு கிளறித் தள்ளியது. கீரைக்காக றொசல்ல டவுன் கடைக்கு நடந்தான் றொனால்ட்.

நெத்தலியை வறுத்துப் பொடித்துச் சோற்றில் பிசைந்தான். அந்த வாடை ஆகாமல் கிஷாந்த் தகப்பனைக் கண்டாலே ராக்காயி வீட்டுக் கட்டிலுக்கடியில் பதுங்கினான்.

"றொனால்டு, ஒம் மகன் எங்கூட்டுல ரொட்டி கேக்குறான். குடுக்கவா?"

"குடுக்காதீங்கக்கா. பசிச்சா வருவான்."

வரவில்லை. காலைப் பிடித்து இழுத்து வந்து ஊட்டினால் பாதி சட்டையில், பாதி தரையில்.

அடுத்தது தேத்தண்ணி. பிள்ளை பார்த்து ஏங்குமே என்று வீட்டில் கேத்தலே வைக்கக்கூடாதென்று சட்டம் போட்டான். தேயிலை பெக்டரிக்காரன் வீட்டில் ஒரு வாய் தேத்தண்ணி கிடையாதென்று லயமே சிரித்தது.

ஒருவழியாகக் கோழி மனமிரங்கியது. ஜெனிதாதான் தினமும் அவித்து, உரித்து, உப்புத் தொட்டுக் கொடுப்பாள். ஒரு நாள் கிஷாந்த் பாதியைத் தின்றுவிட்டு ஓடினான். மீதியை ஜெனிதா கையில் எடுத்தாள்.

"அத வச்சிரு. பொறவு திம்பான்," என்றான் றொனால்ட்.

அவள் மூடி வைத்தாள்.

மூன்றாம் வாரம் ஆசை மிஞ்சி, கடையில் வாங்கியதையும் சேர்த்து ஒரே நாளில் மூன்று முட்டைகளைத் திணித்தான். பிள்ளைக்கு இரண்டு நாள் வயிற்றால் போனது. என் பிள்ளையை நானே கெடுத்தேனே என்று நொந்துகொண்டே பீத்துணி அலசினான் றொனால்ட். ஜெனிதா குத்திக்காட்டாமல், அலசியதை வாங்கிப் பிழிந்தாள். அது அவனுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

கிளினிக் நாளில் கொழுந்து கூடுதல். அரை நாள் வேலைக்கு நின்றாலும் பேர் போய் அன்றைய சம்பளம் கிடைக்காது என்று ஜெனிதா மலைக்குப் போனாள். றொனால்டே மகனைத் தூக்கிக்கொண்டு கிளினிக் நடக்கும் பிள்ளைக்காம்பராவுக்குப் போனான்.

தராசைப் பார்த்து வினோதா மிஸ் சிரித்தார். "போன மாசமே நல்ல நெறை. இப்ப இன்னும் ஒரு கிலோ ஏறிட்டான். என்னாதான் குடுக்குறீங்க?"

றொனால்ட் பெருமையோடு துண்டை எடுத்து நீட்டினான். "நீங்க எழுதிக் குடுத்தத ஒன்னு விடாம குடுத்தேன் மிஸ். ரத்தம் ஏறிருச்சான்னு பாத்துச் சொல்லுங்க."

மிஸ் துண்டைப் பார்த்தார். அவனுக்குப் பின்னால் வரிசையில் யாரையோ தேடினார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"இது ஜெனிதாவுக்கு எழுதுனது தம்பி. மகன நிறுக்கக் கொண்டாந்த அன்னைக்கே அவகிட்ட வெவரமா சொல்லித்தானே அனுப்புனேன்."