சூரியனுக்குப் போர்வை

அடையாற்றில் ஆனந்தசாகரம் அடுக்ககத்தின் செயலாளர் கோதண்டபாணி நாட்டின் எரிசக்தி எதிர்காலத்தைத் தம் தோளில் சுமப்பது என்று முடிவு செய்தது, மயிலாப்பூரில் சகலை வீட்டு மொட்டைமாடியில் சூரியப் பலகைகளைப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான். சில நாள் அவருக்குச் சரியாகத் தூக்கம் பிடிக்கவில்லை. பூமி சூடாவதைப் பற்றிய கவலை என்று மனைவி ஜலஜாவிடம் சொன்னார்.

"அவாத்து மாடியைப் பார்த்துட்டு வந்ததுலேர்ந்தா பூமி சூடாறது?" என்றாள் ஜலஜா.

விரைவிலேயே ஆனந்தசாகரத்தின் மாடியிலும் பலகைகள் பளபளத்தன. வடாம் காயப்போட இடமில்லாமல் போயிற்று. கூடவே ஸ்மார்ட் மீட்டரும் வந்தது. அது தானே யோசிக்கும், தானே தரமணியில் உள்ள கட்டுப்பாட்டு அறைக்குச் செய்தி அனுப்பும் என்றார்கள். பழைய டீசல் ஜெனரேட்டர், புகை விடும் அநாகரிகம் என்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டு, விற்கப்பட்டது. தெருவில் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? எல்லா மாடியும் மினுமினுக்கத் தொடங்கியது.

முதலில் மினுமினுத்தது என்பதற்காக ஆனந்தசாகரத்துக்கு 'முன்மாதிரிப் பசுமை இல்லம்' விருது அறிவிக்கப்பட்டது. அதை வழங்க, மின்வாரியத்தில் 'ஸ்மார்ட் கிரிட்' எனப்படும் நுண்ணறிவு மின்தொகுப்புப் பிரிவின் உயர் அதிகாரி மதிவாணன் நேரிலேயே எழுந்தருளினார். விழா மொட்டைமாடியில், சித்திரை வெயிலில். கடவுள் வாழ்த்துப் பாட வேண்டியவள் ஜலஜா. மூட்டு அறுவை சிகிச்சை ஆன கால், படியேற முடியாது. ஆகவே அவளும் மதிவாணனும் விருதுக் கேடயமும் பழைய கம்பிக்கதவு லிஃப்டில் ஏறினார்கள். கோதண்டபாணி மாலையும் கையுமாகப் படியில் ஓடினார்.

இரண்டாவது மாடியைத் தாண்டியதும் லிஃப்ட் அந்தரத்தில் நின்றது.

"பீர் முஹம்மது! என்னய்யா ஆச்சு?" என்று படியிலிருந்து கத்தினார் கோதண்டபாணி.

"கரண்ட் பூட்ச்சு சார். தெரு பூரா இல்ல" என்று கீழேயிருந்து காவலாளியின் குரல் வந்தது.

"மேல வெயில் கொளுத்தறதே, நம்ம சோலார் என்ன பண்றது?"

"அதுவும் நின்னுகினு கீது சார்."

லிஃப்டுக்குள்ளிருந்து மதிவாணன் கம்பீரம் குறையாமல் விளக்கினார். "பதற்றப்படாதீங்க. இது கோளாறு இல்ல, பாதுகாப்பு. லைன்ல கரண்ட் இல்லாதப்ப பலகையும் கரண்ட் தரக் கூடாது."

"கரண்ட் இருக்கறச்சே மட்டும்தான் இது கரண்ட் தருமா?" என்றாள் ஜலஜா.

"கரெக்ட் மேடம். நிறைய பேருக்கு இது புரியறதில்ல."

அவர் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டார். பணியிலிருந்த பொறியாளர் அன்புக்கரசியின் குரல் ஸ்பீக்கரில் கணீரென்று ஒலித்தது.

"சார், அந்தத் தெருவுல பற்றாக்குறை இல்ல, மிகை மின்சாரம். எல்லா மாடியும் ஒரே நேரத்துல உற்பத்தி பண்ணுது. தாங்காதுன்னு மின்தொகுப்பே நிறுத்திடுச்சு."

"யாரைக் கேட்டு நிறுத்திச்சு?"

"யாரையும் கேக்காது சார். அதான் ஸ்மார்ட்."

"அதாவது, கரண்ட் ஜாஸ்தியா இருக்கறதால கரண்ட் இல்லை" என்றாள் ஜலஜா.

"ஆமாங்க மேடம். வெயில் தாழ்ந்தா தானா வந்துடும். பலகை மேல வெயில் படுதான்னு சென்சார் பார்த்துக்கிட்டே இருக்கு."

"இந்தத் திட்டத்தை வகுத்ததே நான்தாம்மா. உடனே போடுங்க" என்றார் மதிவாணன்.

"தெரியும் சார். மனுஷங்க யாரும் கை வைக்கக் கூடாதுன்னு நீங்கதான் சார் உத்தரவு போட்டிருக்கீங்க."

மதிவாணன் தம் உத்தரவை மீறிப் பழக்கமில்லாதவர். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

அதுவரை மாடியில் காத்திருக்கும் போட்டோகிராபர் கிளம்பிவிடுவாரோ என்று தவித்துக்கொண்டிருந்த கோதண்டபாணி அப்போதுதான் மனைவியைச் சரியாகப் பார்த்தார். கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. ஒரு கால் நடுங்கியது.

"கால் மரத்துப் போறது. உட்கார்ந்தா எழுந்துக்க முடியாது."

மாலையை எங்கே வைப்பது என்றுகூட அவருக்குத் தெரியவில்லை.

"ஏன்னா நிக்கறேள்? அந்த சென்சாரோட கண்ணைக் கட்டுங்கோ! பெட்ஷீட்டோ வேஷ்டியோ, என் பட்டுப்புடவையானாலும் சரி, கொண்டுபோய்ப் பலகை மேல போடுங்கோ!"

கோதண்டபாணி ஓடினார். விருதுக்குக் கைதட்ட வந்தவர்களெல்லாம் போர்வையும் ஜமுக்காளமுமாகப் பின்னால் ஓடினார்கள். அவர் மாடி விளிம்பில் நின்று பக்கத்து மாடிகளைப் பார்த்து, "மூடுங்கோ! எல்லாரும் மூடுங்கோ!" என்று தொண்டை கிழியக் கத்தினார். திரைச்சீலைகள் வந்தன, நைட்டிகள் வந்தன, ஒரு மாடியில் பழைய தேர்தல் பேனரே வந்தது. உச்சிவெயிலில் தெரு முழுக்கப் போர்த்திக்கொண்டு படுத்தது.

சூரியன் மறைந்துவிட்டதாக மின்தொகுப்பு நுண்ணறிவோடு முடிவு செய்தது. கரண்ட் வந்தது. லிஃப்ட் மேலே ஏறியது.

நாலு பேர் முன்னால் மனைவியின் கையைப் பிடித்தறியாத கோதண்டபாணி அன்று பிடித்துக்கொண்டார். "கடவுள் வாழ்த்து?" என்று யாரோ கேட்டார்கள். "முதல்ல தண்ணி" என்றாள் ஜலஜா.

மதிவாணன் அசரவில்லை. "மக்கள் பங்கேற்புடன் கூடிய மிகைச் சூரிய ஒளி மேலாண்மையில் ஆனந்தசாகரம் வழிகாட்டியிருக்கிறது" என்று பேசிக் கேடயத்தைக் கொடுத்தார். பிறகு சுற்றறிக்கையும் வந்தது: பலகை வைத்திருக்கும் ஒவ்வொரு இல்லமும் அங்கீகரிக்கப்பட்ட பச்சைப் போர்வை ஒன்று வைத்திருக்க வேண்டும். மானியம் உண்டு. தியாகராய நகர்க் கடைகளில் சரிகைக் கரை வைத்த போர்வைகள் தொங்கின. கிரகப்பிரவேசங்களுக்கு அதையே பரிசளித்தார்கள்.

இப்போது அடையாற்றில் விடிந்ததும் போர்வை போர்த்திவிடுகிறார்கள். பகலில் கரண்ட் போவதே இல்லை. ஊரின் வடகோடியில் அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரிகிறது, கரண்ட் கம்பி வழியாக வருகிறது, ஏசி ஓடுகிறது.

பீர் முஹம்மதின் வீடு அந்த வடகோடியில்தான். அவர் சட்டையில் சாம்பலோடு வேலைக்கு வருவது முன்மாதிரிப் பசுமை இல்லத்துக்கு அழகாக இல்லை என்று சங்கக் கூட்டத்தில் எல்லோருமே வருத்தப்பட்டார்கள். கோதண்டபாணி பெரிய மனது பண்ணித் தம் செலவில் ஒரு பிரஷ் வாங்கிக் கொடுத்தார். பீர் முஹம்மது தெருமுனையிலேயே நின்று சுத்தமாகத் தட்டிவிட்டு வருகிறார்.