ஏழு பேர் மட்டும் பார்த்த படம்

மனிதனுக்குப் பிறவி இரண்டு. முதலாவது, தாய் வயிற்றிலிருந்து வெளியே வருவது. இரண்டாவது, முதன்முதலாக ஓர் அனிமே பார்ப்பது. முதல் பிறவியை எவரும் நினைவில் வைத்திருப்பதில்லை. இரண்டாவதை எவரும் மறப்பதில்லை.

ஜப்பானியக் கார்ட்டூன் ரசிகர்கள் கூடும் நூலகத்து அனிமே வட்டத்தின் சுற்றறிக்கை இப்படித்தான் தொடங்கியது. வட்டத்தின் தலைவர் ஒரு பல் டாக்டர். ஆகவே அது மருந்துச் சீட்டின் முதுகில் அச்சாகியிருந்தது. இப்போது லிஃப்ட் இன்ஸ்பெக்டர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், தண்ணீர் ஜாடிக்கு அடியில் ஊறிக்கொண்டிருந்தது.

"அம்மா, நீ முதல்ல பார்த்த அனிமே எது?" என்று கேட்டாள் மகள். "வீட்ல இருக்கறவங்ககிட்ட கேட்டு எழுதிட்டு வரணுமாம்."

"நான் எங்கடி பார்த்தேன்? பார்க்கலன்னு எழுதிக்கோ."

மகள் எழுதிக்கொண்டு நோட்டை மூடினாள்.

எதிரே உட்கார்ந்திருந்த இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார். கட்டடம் கட்டடமாகப் போய், லிஃப்டில் ஏறி இறங்கி, அறுந்து விழாது என்று கையெழுத்துப் போடுவது அவர் வேலை. 'இன்ஸ்பெக்டர்' என்ற சொல்லைக் கேட்டுப் போலீஸ் என்று பதறி எழுந்து நிற்பவர்களை அவர் திருத்துவதில்லை. வீட்டில்தான் ஒருவரும் எழுந்து நிற்பதில்லை. பதினைந்து வயது மகள் கடந்த ஒரு வருடமாக அவரிடம் 'ம்', 'சரி', 'தெரியல' என்ற மூன்றே சொற்களை வைத்துக் காலம் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"என்னை ஏன் கேக்கல?"

"நீங்களா?" என்றாள் மகள். நான்காவது சொல்! இன்ஸ்பெக்டருக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"உங்க பல் டாக்டருக்குப் பால் பல்லு முளைக்கறதுக்கு முன்னாடியே நான் அனிமே பார்த்தவன்."

"பேரு?"

"பேரு ஞாபகமில்ல. ஜப்பான்காரன் எடுத்ததுன்னு சொன்னாங்க. ஒரு பையன் படகுல தூங்கறான். தண்ணி ஏறிக்கிட்டே வருது. நிலா இறங்கி வந்து அவனை எழுப்புது. அவன் ஒரு நீளமான இருட்டுத் தாழ்வாரத்துல தனியா நடக்கறான். கடைசியில ஒரு கதவு. கதவிடுக்குல வெளிச்சம். அவன் திறந்ததும் நட்சத்திரமெல்லாம் கை தட்டுது." சொல்லும்போதே அவர் குரல் லேசாகத் தழுதழுத்தது. இது அவருக்கே வியப்பாக இருந்தது. "நான் அழுதுட்டேன்."

மகள் பேனாவைக் கீழே வைத்தாள். "அப்பா, செமையா இருக்கே!"

அந்த 'செமையா'வுக்காக அவர் இன்னும் நாற்பது மாடி ஏறியிருப்பார், லிஃப்ட் இல்லாமலே.

தொல்லை மறுநாள் ஆரம்பித்தது. இணையத்தில் சல்லடை போட்டுச் சலித்தும் அப்படியொரு படம் அகப்படவில்லை.

"அப்பா, கனவு கினவு கண்டீங்களா?" மகளின் முகம் பழையபடி 'தெரியல' பக்கம் திரும்பத் தொடங்கியிருந்தது.

இன்ஸ்பெக்டர் அவசரமாக முட்டுக் கொடுத்தார். "கிடைக்காதும்மா. அது ஊருக்கெல்லாம் போட்ட படமில்ல. பொறுக்கி எடுத்த பிள்ளைங்களுக்கு மட்டும் போட்டாங்க. மொத்தமே ஏழு பேர். வெள்ளை வெளேர்னு ஒரு ஹால். எங்கம்மா கையைப் பிடிச்சு அழைச்சுட்டுப் போனாங்க. வெளியில யார்கிட்டயும் சொல்லாதேன்னாங்க."

"ஏன்?"

"மத்த பிள்ளைங்க ஏங்கிப் போயிடக் கூடாதில்ல?"

இது பல் டாக்டர் காதுக்குப் போயிற்று. அந்த ஞாயிற்றுக்கிழமையே இன்ஸ்பெக்டரை நூலக மாடிக்கு வரவழைத்து நடு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பல் டாக்டர் கண்ணை மூடிக் கதை கேட்டார். பிறகு எழுந்து, வாயைத் திறக்கச் சொல்லும் அதே கனிவோடு பேசினார்.

"தண்ணீர், இந்த உலகம். தாழ்வாரம், வாழ்க்கை. அந்தக் கதவு..." இங்கே ஐந்து விநாடி மௌனம். "அந்தக் கதவைப் பத்திப் பேசறதுக்கே நமக்கு இன்னும் பக்குவம் வரல. சார், அந்தக் காட்சியில நீங்க என்ன உணர்ந்தீங்க?"

"ஒரு... விடுதலை" என்றார் இன்ஸ்பெக்டர். பொய் இல்லை. அப்படித்தான் இருந்தது.

"அப்ப உங்களுக்கு என்ன வயசு?"

வயது அவருக்கு நினைவில்லை. ஆனால் வயது குறையக் குறைய மதிப்பு கூடும் என்பது அந்த அறையின் காற்றிலேயே தெரிந்தது.

"அஞ்சு."

அறை பெருமூச்சு விட்டது. மகள் பக்கத்திலிருந்தவளிடம், "எங்கப்பா" என்றாள்.

அதன் பின் விஷயம் கைமீறியது. இன்ஸ்பெக்டர் வட்டத்தின் கௌரவத் தலைவர் ஆனார். இருட்டில் ஒரு கதவும் அதன் இடுக்கில் வெளிச்சமும் அச்சிட்ட டி-ஷர்ட்டுகள் வந்தன. இன்ஸ்பெக்டர் ஒன்றை மாட்டிக்கொண்டு ஆபீசுக்கே போனார். பல் டாக்டர் 'கதவும் கடந்த நிலையும்' என்று பதினெட்டுப் பக்கக் கட்டுரை எழுதி, வாய் பேச முடியாத நிலையில் நாற்காலியில் சாய்ந்திருந்தவர்களுக்கெல்லாம் படித்துக் காட்டினார்.

போதாததற்குப் பத்திரிகையில் ஓர் அறிவிப்பும் வந்தது: 'அன்று அந்த வெள்ளை மண்டபத்தில் படம் பார்த்த மற்ற ஆறு பேர் எங்கே?'

"ஒருத்தர் போன் பண்ணினார் சார்" என்றார் பல் டாக்டர் மறுவாரம். "படகு, நிலா, தாழ்வாரம், எல்லாத்தையும் அப்படியே சொன்னார். நானும் அங்க இருந்தேன்னார். பேரைக் கேட்டேன். வெச்சுட்டார்."

"ஏன்?"

"தன்னடக்கம் சார். வேற என்ன?"

இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வந்து மனைவியிடம் உண்மையைக் கக்கினார். "எனக்குப் பயமா இருக்கு. ஞாபகத்துல இருந்தது எவ்வளவு, நானா சேர்த்தது எவ்வளவுன்னு எனக்கே தெரியல. நாளைக்குப் படம் கிடைச்சு, அதுல நிலாவே இல்லன்னா?"

"நிலா இல்லன்னா இல்லன்னு சொல்லிட்டுப் போங்க. தலையையா வாங்கப் போறாங்க?"

"அவ மறுபடியும் 'ம்'முக்குப் போயிடுவா."

மனைவி துணி மடிப்பதை நிறுத்தினாள். "அதுக்கு முன்னாடி நீங்களே சொல்லிடுங்க."

சொல்லத்தான் போனார். மகள் அறையில் இல்லை. ஹாலில் அவருடைய டி-ஷர்ட்டை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பிறந்ததிலிருந்து அவள் இஸ்திரிப் பெட்டியைத் தொட்டு அவர் பார்த்ததில்லை. அச்சிட்ட கதவின் மேல் சூடு படாமல் சுற்றிலும் மெல்ல ஓட்டினாள்.

"அப்பா, தெரியுமா? படம் கிடைச்சிருச்சு! ரிட்டையர்டு நர்ஸ் ஒருத்தங்க அறிவிப்பைப் பார்த்துட்டுப் பேசினாங்களாம். அவங்க அலமாரியில சுருள் இருக்காம். ஞாயித்துக்கிழமை போடறாங்க. என்னப்பா, ஏதோ சொல்ல வந்தீங்களே?"

"ஒண்ணுமில்லம்மா. காலர்ல கொஞ்சம் சுருக்கம் இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை நூலக மாடியில் நிற்க இடமில்லை. கதவு போட்ட டி-ஷர்ட்டுகள் நாற்பது. முதல் வரிசையில் இன்ஸ்பெக்டர், ஒரு பக்கம் மகள், மறுபக்கம் மனைவி. ஓரத்தில் நர்ஸ் அம்மா தகர டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, யாருக்கோ ஊசி போடக் காத்திருப்பவர் போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"நர்ஸ் எப்படி இந்தப் படத்தை...?" என்று மனைவி காதோடு கேட்டாள்.

"கலை ஆர்வம் யாருக்கு வேணும்னாலும் இருக்கலாம்" என்றார் இன்ஸ்பெக்டர்.

விளக்கை அணைத்தார்கள். பழைய புரொஜக்டர் இருமியது. திரையில் கோடுகள், புள்ளிகள், ஜப்பானிய எழுத்துகள். பிறகு ஒரு படகு. படகில் ஒரு பையன் தூங்கினான். தண்ணீர் ஏறியது.

நிலா இறங்கி வந்தது.

இன்ஸ்பெக்டர் மூச்சை விட்டார். தாழ்வாரம் வந்தது, இருட்டு வந்தது, கோடியில் கதவும் அதன் இடுக்கில் அந்த வெளிச்சமும் வந்தன. ஒன்றுகூட அவர் சேர்த்தது இல்லை. பையன் கதவைத் திறந்ததும் நட்சத்திரங்கள் கை தட்டின. கூட்டமும் எழுந்து நின்று கை தட்டியது. அவருக்காக மனிதர்கள் எழுந்து நிற்கிறார்கள், அதுவும் போலீஸ் என்று நினைக்காமல்! இன்ஸ்பெக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மகள் அவர் கையை இறுகப் பற்றினாள். "அப்பா, அத்தனையும் நிஜம்! நான்தான் கனவான்னு கேட்டுட்டேன். சாரிப்பா."

"பரவாயில்லம்மா" என்றார் அவர். அந்த நொடியில் உலகத்தில் எந்த லிஃப்ட் அறுந்து விழுந்தாலும் அவர் கவலைப்பட்டிருக்க மாட்டார்.

விளக்கு வந்தது. பல் டாக்டர் மைக்கை நர்ஸ் அம்மாவின் முன் நீட்டினார்.

"அம்மா, இத்தனை வருஷம் இந்தப் பொக்கிஷத்தைக் காப்பாத்தின நீங்கதான் சொல்லணும். அந்தக் கதவுக்குப் பின்னால என்ன இருக்கு? மரணமா? முக்தியா?"

"கக்கூஸுங்க" என்றார் நர்ஸ் அம்மா.

ஒலிபெருக்கி கீச்சென்றது.

"தூக்கத்துல படுக்கையை நனைக்கற பிள்ளைங்களுக்காக எடுத்த படம் இது. எங்க ஆஸ்பத்திரியில அவங்களைக் கூப்பிட்டு உட்கார வெச்சுப் போட்டுக் காட்டுவோம். எழுந்து போகணும்னு பழக்கறதுக்கு."

நாற்பது பேர் குனிந்து தங்கள் மார்பைப் பார்த்துக்கொண்டார்கள். பிறகு நாற்பது பேரும் நிமிர்ந்து இன்ஸ்பெக்டரைப் பார்த்தார்கள். மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், தோள் குலுங்கியது.

மகள் மட்டும் அவர் கையை விடவில்லை. விடாமலே எழுந்து நின்றாள்.

"இதுல சிரிக்க என்ன இருக்கு?" என்றாள் உரத்த குரலில். "எங்கப்பாவுக்கு அப்ப அஞ்சு வயசு. அஞ்சு வயசுல எல்லாரும்தான் நனைப்பாங்க!"

நர்ஸ் அம்மா சுருளை டப்பாவில் வைத்து மூடியை அழுத்தினார்.

"அஞ்சு வயசுப் பிள்ளைங்களையெல்லாம் நாங்க சேர்த்துக்கறதில்லம்மா. பன்னெண்டு முடிஞ்சிருக்கணும்."