வேனில் ஏறும் முன் பத்து ரவுண்டு

ஈப்போவில் இத்தனை வருடமாகக் குடியிருக்கிறேன். வெள்ளம் பார்த்திருக்கிறேன், குளியலறையில் மலைப்பாம்பு பார்த்திருக்கிறேன். வேன் அக்காவைப் போல் என்னைத் தூக்கிவாரிப் போட வைத்தவர் யாருமில்லை. அவருக்கென்று ஒரு பெயர் இருந்திருக்கும். எங்கள் தாமான் குடியிருப்பில் யாருக்கும் அது தெரியாது. பள்ளி வேன் ஓட்டினார், அதனால் வேன் அக்கா.

என் மகள் தர்ஷினிக்கு அப்போது எட்டு வயது. உட்கார்ந்த இடத்தில் இரண்டு நிமிடம் தங்க மாட்டாள். மூன்று வேன்காரர்கள் அவளை வேண்டாம் என்று விட்டார்கள். மூன்றாமவர், ஓடும் வேனில் அவள் கதவைத் திறந்துவிட்டாள் என்று சொல்லி என்னைக் கையெடுத்தே கும்பிட்டார். எனக்குப் பக்கத்து ஊரான பத்து காஜாவில் வேலை, மனைவிக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட். வேன் அக்காவும் கைவிட்டால் எங்களில் ஒருவர் வேலையை விட வேண்டியதுதான்.

முதல் நாள் காலை, வேனை விட்டு இறங்கி வந்தவர் பிள்ளையை ஏறச் சொல்லவில்லை.

"அந்த வெளக்குக் கம்பத்த பத்து ரவுண்டு ஓடிட்டு வா" என்றார்.

தேய்த்த சீருடையோடு தர்ஷினி ஓடினாள்.

"அக்கா, பிள்ள என்ன தப்பு செஞ்சிச்சு? இது என்ன தண்டனை?"

"தண்டன இல்ல தம்பி. பிள்ளைக்கு பெட்ரோல் டாங்கி நெறஞ்சி கெடக்கு, கொஞ்சம் எறக்குறேன். இல்லன்னா பின்னாடி உள்ள பதினோரு பிள்ளைங்க தலமுடிக்கு நீயா பதில் சொல்லுவ?"

எதிர் வீட்டில் ஜன்னலைத் திறந்து வைத்து ரவுண்டை எண்ணினார்கள். அவமானமாக இருந்தது. ஆனால் அன்று வேனில் ஒரு புகாரும் இல்லை.

அடுத்த வாரம் பிள்ளை வீடு திரும்பியபோது அவள் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கறுப்பு மையில் படம். ஒரு பை, ஒரு தண்ணீர் போத்தல், ஒரு ஜோடி சப்பாத்து. என் பிள்ளை மேல் எவளோ கிறுக்கிவிட்டாள் என்று கொதித்துப் போய், சோப்புப் போட்டு நானே தேய்த்துக் கழுவினேன். மறுநாள் தர்ஷினி பையும் போத்தலும் இல்லாமல், ஒரு கால் சப்பாத்தோடு வந்து இறங்கினாள்.

"எறங்கும்போது எதையும் மறக்கக் கூடாதுன்னு வரஞ்சு விட்டேன், அழிச்சது யாரு?" என்று வேன் அக்கா கேட்டார். நான் அடுத்தவனைப் பார்ப்பது போல் திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாருமில்லை.

"நீ பிள்ளகிட்ட பேசுறத கேட்டிருக்கேன் தம்பி. குளி, சாப்புடு, பைய அடுக்கு, லைட்ட அடைன்னு ஒரே மூச்சுல நாலு ஆர்டரு. மாமாக் சாப்பாட்டுக் கடைக்காரனே ரெண்டுக்கு மேல மறந்துருவான் லா. ஒண்ணு சொல்லு, அத முடிச்சதும் இன்னொண்ணு சொல்லு."

இதில் நான் மறைத்த விஷயம் ஒன்று உண்டு. பிள்ளையை ஆஸ்பத்திரியில் காட்டச் சொல்லி வகுப்பாசிரியை கொடுத்த கடிதத்தை என் மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தேன். காட்டினால் பைத்தியம் என்று எழுதிவிடுவார்கள், நாளைக்கு எவன் கட்டிக்கொள்வான் என்று பயம். எட்டு வயதுப் பிள்ளைக்கு மாப்பிள்ளை வரை யோசித்த ஆள் நான்.

டாக்டருக்குப் பதிலாக கமுந்திங்கில் ஒரு சாமியாடியிடம் கூட்டிப் போய்க் கயிறு மந்திரித்துக் கட்டினேன். இரண்டே நாளில் தர்ஷினி அதை அவிழ்த்து, முன்னால் இருந்த தோழியின் சடையை நாற்காலியோடு கட்டிவிட்டாள். பள்ளியிலிருந்து போன் வந்தது.

வேன் அக்கா கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"கயிறா? எங்க ரப்பர் எஸ்டேட்டுல அத எப்பயோ செஞ்சி பாத்துட்டாங்க. அம்மா பால்மரம் வெட்டப் போனதும் ஆயாக்கொட்டாயில மத்த பிள்ளைங்க வெளயாடும். என்ன மட்டும் கைலிச் சாரத்தால தூண்ல கட்டிருவாங்க. ஆறு வயசு வரைக்கும்."

"அப்புறம்?"

"அப்புறம் தூணு ஆட ஆரம்பிச்சிருச்சு. அவுத்து விட்டுட்டாங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்படியும் கடிதத்தை வெளியே எடுக்கவில்லை.

பெட்ரோல் மூடியும் அதே சீட்டுக்கு அடியில்தான் இருக்கிறது என்பதை மட்டும் நான் யோசிக்கவில்லை. எண்ணெய் ஊற்றப் போன மனைவி கடிதத்தைக் கண்டெடுத்தாள். நேராக வேன் அக்காவிடம் கொண்டு போய்க் காட்டினாள். என்னிடம், வீட்டில் வேலை இருக்கிறது, ஒரு நாள் லீவு போடுங்கள் என்று மட்டும் சொன்னாள். அன்று காலை ஒன்பது மணிக்கு வாசலில் வேன் நின்றது. உள்ளே மனைவி, மகள்.

"ஏறு தம்பி. தேதி வாங்கியாச்சு" என்றார் வேன் அக்கா.

"எங்க?"

"ஆஸ்பத்திரிக்கு. இப்ப ஏறுறியா, நீயும் பத்து ரவுண்டு ஓடுறியா?"

ஏறினேன்.

டாக்டர் ஒரு இளம் மலாய்ப் பெண். பல நாள் பார்த்து, பள்ளியிலும் விசாரித்துத்தான் முடிவு சொன்னார். ஏ.டி.எச்.டி. அது பிள்ளையின் திமிருமில்லை, எங்கள் வளர்ப்பின் குற்றமுமில்லை என்றார். பிறகு வீட்டில் செய்ய வேண்டியதைச் சொன்னார். உட்காரும் முன் ஓடியாட விடுங்கள், ஒரு நேரத்தில் ஒரு வேலை சொல்லுங்கள், படம் போட்டு ஞாபகப்படுத்துங்கள். நான் வாயைப் பிளந்தபடி மனைவியைப் பார்த்தேன்.

முடிவு சொன்ன அன்றும் எங்களோடு வந்திருந்த வேன் அக்கா, வெளியே மூன்றாவது முறையாக நாற்காலிகளை வரிசை மாற்றி, காவலாளியிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார். டாக்டர் கண்ணாடிக் கதவு வழியே அவரைப் பார்த்தார்.

"அவரும் உங்கள் குடும்பமா?" என்று கேட்டார்.

திரும்பும் வழியில் நானே மெதுவாக ஆரம்பித்தேன்.

"அக்கா, நீங்களும் ஒரு தடவ காட்டலாமே."

"எனக்கு இப்ப எதுக்கு? அன்னைக்கு எங்கம்மாகிட்ட யாராச்சும் சொல்லியிருக்கணும், இது பிள்ள மேல தப்பில்லன்னு." முன்னால் வண்டியே இல்லாத ரோட்டில் ஹார்ன் அடித்தார்.

வாசலில் இறங்கியதும் சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றேன். அதுவரை ஒரு நாளும் அவரை உள்ளே அழைத்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது, வெட்கமாக இருந்தது. அவர் தட்டைக் கையில் ஏந்தி, ஹாலிலும் சமையலறையிலும் நடந்துகொண்டே சாப்பிட்டார். தர்ஷினியும் தன் தட்டோடு அவர் பின்னாலேயே நடந்தாள். தரையெல்லாம் சோறு. இருவரையும் உட்காரச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.